புது தகரம், பழைய பேரு: மஸ்டாங் பாடிக்கு லைசென்ஸ் எதுக்கு?

[திரையில்: துருப்பிடித்த காரின் தரை. ஓட்டை வழியே புல் தெரிகிறது.]

இது 1965 ஃபோர்டு மஸ்டாங். என்ஜினைக் கழற்றிச் சரி பண்ணிடலாம், கியர்பாக்ஸும் அப்படித்தான். தகரம்தான் தலைவலி. முன்கண்ணாடிக்குக் கீழே காத்து வர்ற திறப்புல தண்ணி தேங்கித் துரு ஏறும். அப்புறம் மழை பெஞ்சா ஓட்டுறவர் கால்லயே சொட்டும், தரையும் அரிச்சுடும். இந்த வண்டியில தனி சேசிஸ் கிடையாது. பாடியேதான் எலும்புக்கூடு.

[திரையில்: பெயின்ட் அடிக்காத புது பாடி]

2011ல ஃபோர்டு அறிவிச்சது: 1964–66 மஸ்டாங் கன்வர்ட்டிபிளுக்கு (கூரையை மடக்கித் திறக்கிற மாடல்) புத்தம்புது பாடி, விலை 15,000 டாலர்ல இருந்து. கதவும் டிக்கி மூடியும் சேர்த்தே வரும். பானெட்டும் முன் ஃபெண்டரும் (முன் சக்கரத்துக்கு மேல இருக்கிற பக்கத் தகடு) வராது. தயாரிச்சது ஃபோர்டு இல்ல, டைனாகார்ன்ங்கிற கலிஃபோர்னியா கம்பெனி. ஃபோர்டு கொடுத்தது லைசென்ஸ்.

பேருக்கும் சின்னத்துக்கும் அனுமதி வேணும், சரி. வடிவத்துக்குமா? ஆமா. அமெரிக்காவுல ஒருத்தர் ஃபெராரியை அப்படியே பார்த்து ஃபைபர்கிளாஸ் பாடி செஞ்சு வித்தார். உஷாரா வேற பேருதான் வச்சார். 1991ல அப்பீல் கோர்ட்டும் ஃபெராரி பக்கம்தான் நின்னுச்சு. பார்த்ததுமே யாரோட காருன்னு சொல்ல வைக்கிற உருவமும் கம்பெனியோட சொத்துதானாம்.

[திரையில்: என்ஜின் அறையின் பக்கத் தகட்டில் குத்திய எண்]

ஆனா அந்த லைசென்ஸ் தராத ஒண்ணு இருக்கு: வின் நம்பர். நம்ம ஆர்.சி.ல இருக்கிற சேசிஸ் நம்பர் மாதிரி. 1965 மஸ்டாங்குக்கு எழுத்தும் எண்ணுமா மொத்தம் 11, ஃபெண்டருக்கு உள்பக்கத் தகட்டுல குத்தியிருக்கும். புது பாடியில ஃபோர்டோட நம்பர் கிடையாது. பழைய தகட்டுல இருந்து வெட்டி இங்க பத்தவச்சா? அமெரிக்க மத்திய சட்டத்துல சிறை வரைக்கும் போகலாம். ரிப்பேருக்கு விலக்கு உண்டு, ஆனா எது ரிப்பேர், எது புது வண்டிங்கிறதுலதான் சண்டையே. பதிவு விதியும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

புது பாடியில முழு காரையே கட்டி விக்கவும் 2015ல சட்டம் வந்தது. 25 வருஷத்துக்கு மேல பழைய மாடலா இருக்கணும், ஒரு கம்பெனி அமெரிக்காவுல வருஷத்துக்கு 325 வண்டிதான் விக்கலாம். அங்கயும் அசல் கம்பெனியோட லைசென்ஸைக் கேட்கிறாங்க.

அதனால விளம்பரத்துல "1965 மஸ்டாங்"னு பார்த்தா, பானெட்டைத் தூக்குங்க. நம்பர் குத்தின தகட்டைச் சுத்தி வெல்டிங் தழும்பு இருக்கான்னு பாருங்க.