கீழாநெல்லியின் சரியான பெயர் எது?

(காட்சி: விரித்த செய்தித்தாளின் மேல் ஒரு கட்டு கீழாநெல்லி)

வணக்கம். இந்தக் கட்டை இன்று காலை கடலூர் மஞ்சக்குப்பத்தில் கீரை விற்கும் அம்மாவிடம் வாங்கினேன். "கீழாநெல்லிதானேம்மா?" என்று கேட்டேன். "எலையைத் திருப்பிப் பாரு கண்ணு" என்றார். திருப்பினால் இலைக்காம்பின் அடியில் வரிசையாகக் குட்டி நெல்லிக்காய்கள். அவருக்குச் சந்தேகமே இல்லை.

எனக்குத்தான் சந்தேகம், அதுவும் அறிவியல் பெயரில். ஒரு நூலில் ஃபைலாந்தஸ் நிரூரி என்று இருக்கிறது, இன்னொன்றில் ஃபைலாந்தஸ் அமாரஸ். இதை எப்படித் தீர்ப்பது?

முதலில் சுலபமான சிக்கல் ஒன்றைப் பார்த்துவிடலாம்.

(காட்சி: பூவரசம்பூ, பக்கத்தில் செம்பருத்தி)

நம் வேலியோரப் பூவரசு. 1753-இல் சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் இதைச் செம்பருத்திப் பேரினத்தில் (அறிவியல் பெயரின் முதல் சொல் குறிப்பது பேரினத்தை) சேர்த்து ஹைபிஸ்கஸ் பாப்புல்னியஸ் என்று பெயரிட்டார். 1807-இல் தெஸ்பீசியா பேரினத்துக்கு மாற்றினார்கள். இப்போது அது தெஸ்பீசியா பாப்புல்னியா. பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 'எல்' என்ற எழுத்து வருகிறதல்லவா, அது லின்னேயஸ்: முதலில் பெயர் வைத்தவரின் உரிமை மறையாமல் கூடவே வருகிறது. லண்டன் கியூ தோட்டத்தின் இணையப் பட்டியலில் பழைய பெயரை அடித்தால் புதிய பெயரைக் காட்டிவிடும். கருவேலமும் இப்படித்தான், அக்கேசியா நிலோட்டிகா இன்று வாச்செல்லியா நிலோட்டிகா. அரை நிமிட வேலை.

அதே பட்டியலில் 'ஃபைலாந்தஸ் நிரூரி' என்று அடித்துப் பாருங்கள். 'ஏற்கப்பட்ட பெயர்' என்று வரும். பெரும்பாலானோர் இங்கேயே நிம்மதியாகிவிடுகிறார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் இருந்தேன்.

நிரூரி ஏற்கப்பட்ட பெயர் என்பது உண்மைதான். ஆனால் கையில் இருக்கும் செடி நிரூரிதானா என்று அந்தப் பட்டியலுக்கு எப்படித் தெரியும்? பெயர் செல்லுமா என்பது ஒரு கேள்வி, இந்தச் செடிக்கு அது பொருந்துமா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு நூலகத்தில் விடை கிடைக்கும். இரண்டாவதற்குச் செடியைத்தான் பார்க்க வேண்டும்.

எதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது? ஒவ்வொரு அறிவியல் பெயரும் ஏதோ ஒரு காய்ந்த செடியோடு, சில நேரம் ஒரு படத்தோடு, கட்டப்பட்டிருக்கிறது. அதை 'டைப்' என்பார்கள். விளக்கம் எவ்வளவு குழப்பமாக இருந்தாலும் பெயர் அந்த டைப்பை விட்டு நகராது. 1950-களில் வெப்ஸ்டர் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் மேற்கிந்தியத் தீவுகளின் ஃபைலாந்தஸ் இனங்களை ஆராய்ந்தபோது தெளிவானது இதுதான்: நிரூரி என்ற பெயர் அமெரிக்கக் கண்டத்துச் செடிக்கு உரியது. 1985-இல் மித்ரா, ஜெயின் இருவரும் இந்திய நூல்களில் நிரூரி என்று எழுதப்பட்டதை மறுபடி ஆராய்ந்தார்கள். அந்த ஒரு பெயருக்குள் அமாரஸ், ஃப்ரேடெர்னஸ், டெபிலிஸ் என மூன்று இனங்கள் கலந்து கிடந்தன.

இது ஏட்டுச் சண்டை என்று நினைத்துவிடாதீர்கள். மஞ்சள்காமாலைக்கு நாம் நம்பும் மூலிகை இது. 1987-இல் அமெரிக்க ஆய்வாளர் புளூம்பெர்க்கின் குழு, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி மீது செய்த ஆய்வு நிரூரி என்ற பெயரில் வெளிவந்தது. மறு ஆண்டு அவரும் சென்னை ஆய்வாளர்களும் சேர்ந்து நோயாளிகளிடம் செய்த ஆய்வில் பெயர் அமாரஸ். பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. எல்லோரும் ஒரே செடியைத்தான் கொடுத்தார்களா என்ற கேள்வி அப்போது எழாமல் இருக்குமா?

(காட்சி: கை லென்ஸ் வழியே பூ, மிக அருகில்)

சரி, நம் கட்டுக்கு வருவோம். பூ கடுகளவுதான் இருக்கும், லென்ஸ் இல்லாமல் முடியாது. இதழ் போன்ற மடல்களை எண்ணுங்கள். ஒன்று, இரண்டு... ஐந்து. காயை நசுக்கி விதையை எடுத்தால் முதுகில் நீளவாக்கில் வரிகள். அசல் நிரூரியின் விதையில் வரிகள் இருக்காது, பொடிப்பொடி முண்டுகள் இருக்கும். ஆக, இது அமாரஸ். 1827-இல் சூமாக்கரும் தோனிங்கும் மேற்கு ஆப்பிரிக்கச் செடிக்கு வைத்த பெயர்.

செடியே இரண்டுங்கெட்டானாக இருப்பதும் உண்டு. பிச்சாவரத்துச் சுரபுன்னைகளில், அதாவது ரைசோஃபோரா பேரினத்து மரங்களில், ஒன்று பல காலம் லாமார்க்கி என்ற கலப்பினமாகக் கருதப்பட்டது. ஆனால் லாமார்க்கியின் பெற்றோரில் ஒன்றான ஸ்டைலோசா என்ற இனம் பிச்சாவரத்தில் கிடையாது! 1990-களில் மரபணுவைப் பார்த்தபோது இந்த மரம் அங்கேயே வளரும் அப்பிகுலேட்டா, மியூக்ரோனேட்டா என்ற இரண்டு இனங்களுக்கும் பிறந்தது என்று தெரிந்தது. அலையாத்திக் காடுகளை ஆராய்ந்த கதிரேசன் வைத்த பெயர் ரைசோஃபோரா அண்ணாமலையானா. நடுவில் ஒரு பெருக்கல் குறி போட்டு எழுத வேண்டும். அதுதான் கலப்பினத்தின் அடையாளம்.

(காட்சி: மறுபடி கட்டு, ஒரு செடி மட்டும் தனியே)

அப்புறம் இதைப் பாருங்கள். அதே கட்டில் இருந்த செடிதான், ஆனால் பூமடல் ஆறு. ஃப்ரேடெர்னஸாக இருக்கலாம், டெபிலிஸாகவும் இருக்கலாம். இந்த நிலையில் ஊகித்து ஒரு பெயரை எழுதுவது தப்பு. நடுவில் 'சி.எஃப்.' என்று போட வேண்டும், 'ஒப்பிட்டுப் பார்க்கவும்' என்று பொருள். தாவரவியலில் எனக்கு மிகவும் பிடித்த இரண்டு எழுத்துகள் இவை.

இரண்டையும் தனித்தனியாகச் செய்தித்தாளில் வைத்து அழுத்திவிட்டேன். சீட்டில் ஊர், தேதி, வாங்கிய இடம், மடல் எண்ணிக்கை எல்லாம் எழுதியாயிற்று. காய்ந்ததும் புதுச்சேரி புனித லூயி வீதியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துக்கு எடுத்துப்போய், அங்குள்ள ஹெர்பேரியத்தில், அதாவது காய்ந்த செடிகளின் சேகரிப்பில், ஒப்பிட்டுப் பார்க்க அனுமதி கேட்கப் போகிறேன். இரண்டாவது சீட்டில் இப்போதைக்கு எழுதியிருப்பது: ஃபைலாந்தஸ் சி.எஃப். ஃப்ரேடெர்னஸ், கடலூர், பூமடல் ஆறு.