அடுத்த மாடு

வானொலி நேயர்களுக்கு வணக்கம். பொங்கலுக்கு நீங்கள் கரும்பைக் கடித்துக்கொண்டு டிவியில் ஜல்லிக்கட்டு பார்க்கிறீர்கள் அல்லவா, அதை உங்களுக்கு அனுப்பி வைக்கும் கூட்டத்தில் நானும் ஒருவன். தயாரிப்பாளர் என்று பெயர். மாட்டுப் பக்கமே போவது கிடையாது. தெருக்கோடியில் நிற்கிற ஓபி வேனுக்குள், அதாவது வெளியிடத்து ஒளிபரப்பு வண்டிக்குள் உட்கார்ந்து, ஏழெட்டு கேமராவின் படத்தையும் பார்த்து, இதைப் போடு, அதைப் போடு என்று கத்துவதுதான் வேலை. மிஷின்களுக்காக ஏசி போட்டிருப்பார்கள். ஊரே வேர்த்து நிற்கும், நான் மட்டும் மப்ளரோடு இருப்பேன்.

கிரிக்கெட்டில் பந்துக்குப் பந்து மூச்சு விடலாம், ஓவர் முடிந்தால் விளம்பரம் போடலாம். இங்கே காலையிலிருந்து சாயங்காலத்துக்குள் 800 மாடுகளுக்கு மேல்கூட அவிழ்ப்பார்கள். கணக்குப் போட்டால் மாட்டுக்கு ஒரு நிமிடம்கூட விழாது. நின்று விளையாடும் மாடு என்றால் சரி. பாய்கிற மாடு வாடிவாசலில் தலை தெரிந்ததும் போய்விடும். இதற்கு நடுவில் ரீப்ளேயை எங்கே போடுவது?

இந்த ரீப்ளேயில்தான் ஒரு தடவை மாட்டிக்கொண்டேன். நான் வேலைக்கு வந்த புதிது. ஒரு வீரர் திமிலைப் பிடித்து மூன்று துள்ளலுக்கும் தொங்கிவிட்டார். அருமையான பிடி. ஸ்லோமோஷனில் ஒருமுறை போட்டேன். ஆசை விடவில்லை, இன்னொரு கோணத்திலும் போட்டேன். சாயங்காலம் வேன் கதவை யாரோ தட்டினார்கள். ஐம்பது வயது இருக்கும், ஒரு அக்கா. கையில் அறுத்த மூக்கணாங்கயிறு.

"ஏப்பா, எங்க வீட்ல அம்புட்டுப் பேரும் டிவி முன்னாடிதான் உக்காந்திருந்தாக. போன் போட்டு, 'மாட்ட அவுக்கவே இல்லையா'ன்னு கேக்குறாக. நான் என்னத்தச் சொல்ல?"

நான் இரண்டாவது கோணம் போட்ட அந்தப் பத்து விநாடியில் அவர் மாடு வந்து, யாரையும் தொடவிடாமல் போயிருக்கிறது. நல்லவேளை, வாடிவாசல் கேமரா தனியாகப் பதிவாகியிருந்தது. வேனுக்குள் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். அவர் மாட்டைப் பார்த்ததைவிட, அது போன பிறகு விலகி நின்ற ஆட்களைத்தான் பார்த்தார். "இன்னொருக்கா போடு" என்றார். நாலு தடவை போட்டேன். ஸ்கிரீனை அப்படியே செல்போனில் படம் பிடித்துக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து எங்கள் வேனில் ஒரு பையனுக்கு வேறு வேலையே கிடையாது. வாடிவாசல் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, அசைவு தெரிந்தால் "மாடு!" என்று கத்த வேண்டும். அவன் கத்தினால் எப்பேர்ப்பட்ட ரீப்ளேயும் பாதியில் நிற்கும். திரும்பவும் சொல்கிறேன், பாதியில் நிற்கும். வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லித்தருகிற முதல் பாடம் இது.

அப்புறம், மைக் பிடிக்கிற அண்ணன். மைக் தலையில் கர்ச்சீப் கட்டிக்கொண்டு "ஒரு ஆளு மட்டும் புடி, வாலை விடு, வாலை விடு" என்று கத்துவாரே, அவர்தான். வீரருக்கு எச்சரிக்கை, மாட்டுக்காரருக்கு மரியாதை, கூட்டத்துக்குச் சிரிப்பு, பரிசு அண்டாவா சைக்கிளா என்ற அறிவிப்பு, எல்லாம் ஒரே தொண்டை. ஸ்டுடியோவில் கோட்டுப் போட்டவரை உட்கார வைத்து அதன் மேல் பேசவிடுவது எனக்குப் பிடிக்காது. மைக்செட்காரரிடமிருந்து ஒரு ஒயர் வாங்கினால் போதும். ஜெனரேட்டர் இரைச்சல் கூடவே வரும். நடுவில் சின்ன டிரான்ஸ்பார்மர் டப்பா ஒன்றைச் செருகினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

இன்னொரு வேடிக்கை. நேரலை என்கிறோமே, அதுவும் சில விநாடி பழசுதான். படத்தைச் சுருக்கி, 36,000 கிலோமீட்டர் மேலே இருக்கும் செயற்கைக்கோளுக்கு அனுப்பி, இறக்கி, விரித்துப் போட நேரம் ஆகிறது. வாடிவாசலுக்குப் பக்கத்து வீடுகளில் மொட்டை மாடிக் கூச்சல் முதலில் கேட்கும். உள்ளே இருக்கும் அப்பத்தா "ஏதோ நல்ல மாடு வருது" என்று டிவிக்கு முன்னால் வந்து உட்காரும். அதற்கப்புறம்தான் மாடு வரும்.

மைதானத்துப் பெரிய திரையைப் பற்றித்தான் அதிகம் பேச நினைத்தேன். 2024 ஜனவரியில் மதுரை அலங்காநல்லூர் பக்கத்துக் கீழக்கரையில் ஜல்லிக்கட்டு அரங்கம் திறந்த பிறகு அந்த யோசனை நிறைய. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தானாம். சரி, ஒன்று மட்டும். மாடு உள்ளே இருக்கும்போது திரையில் எதுவும் ஓடக்கூடாது. வீரர் அண்ணாந்து பார்த்தால் போச்சு. பாட்டுச் சத்தத்தைப் பற்றி... மணி ஆகிவிட்டது. நன்றி, வணக்கம்.