மூன்றாம் படியில் நின்ற க்

வணக்கம் உறவுகளே. இன்றைக்கு எங்கள் ஊர் திருக்கோணமலையின் டச் பே கடற்கரையில் இருந்து பேசுகிறேன். பின்னால் தெரிவது சுவாமி மலை, உச்சியில் கோணேசர் கோவில். காற்று கூடுதலாக இருக்கிறது, அதனால் மைக்கை வாய்க்குக் கிட்டவே பிடித்திருக்கிறேன். அந்தப் பக்கம் இரண்டு மான்கள் நிற்கின்றன. வெளியூரில் இருந்து பார்ப்பவர்களுக்குச் சொல்கிறேன், எங்கள் நகரில் மான்கள் மாடுகளைப் போலத் தெருவில் திரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். குறுக்கெழுத்துப் புதிர் உங்கள் எல்லோருக்கும் தெரியும். நான் பகலில் தனியார் வகுப்பில் கணிதம் படிப்பிக்கிறேன், இரவில் கட்டம் போட்ட கொப்பியோடு உட்கார்ந்து விடுவேன். எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. திருக்கோணமலை, மட்டக்களப்பு, யாழ்ப்பாணம், சென்னை, டொரோண்டோ என்று பல ஊர்க்காரர்கள். வாரம் ஒருவர் புதிர் போடுவார், மற்றவர்கள் அவிழ்ப்பார்கள். நாங்கள் போடுவது மெட்டா புதிர்.

மெட்டா என்றால் என்ன? சாதாரணக் குறுக்கெழுத்தில் கட்டங்களை நிரப்பியதும் வேலை முடிந்தது. மெட்டாவில் அங்கேதான் வேலை தொடங்கும். நிரப்பிய சொற்களுக்குள் இன்னொரு விடை ஒளிந்திருக்கும். அதற்கு நேரான குறிப்பு கிடையாது. புதிரின் தலைப்பைப் பார்க்க வேண்டும், எந்தச் சொற்கள் ஒன்றோடொன்று சேர்கின்றன என்று பார்க்க வேண்டும், பிறகு வழி தானாகத் திறக்க வேண்டும். இரண்டு நாள் திறக்காது. மூன்றாம் நாள் மீன் வாங்கப் போகும் வழியில் பளிச்சென்று தெரியும். அந்த நொடிக்காகத்தான் இதை விடாமல் செய்கிறேன்.

குழுவில் விடையை யாரும் வெளியே சொல்வதில்லை. போட்டவருக்குத் தனியாக அனுப்ப வேண்டும். குழுவில் “கரை சேர்ந்தேன்” என்று மட்டும் எழுதலாம். தவறான வழியில் போய் மாட்டிக்கொண்டால் “சுழியில் நிற்கிறேன்” என்று எழுதுவார்கள். கடற்கரை ஊர்க்காரர்கள் தொடங்கிய குழு, அதனால் சொற்களும் கடலில் இருந்தே வந்தன.

ஆங்கிலத்தில் இந்த வகைக்குப் பெரிய கூட்டம் இருக்கிறது. முதல் குறுக்கெழுத்து 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்ட் பத்திரிகையில் வந்தது. உருவாக்கியவர் லிவர்பூலில் பிறந்த ஆர்தர் வின். மெட்டாவை வாராவாரம் எதிர்பார்த்துக் காத்திருக்கும் விஷயமாக ஆக்கியதில் மாட் காஃப்னி என்ற அமெரிக்கப் புதிர் ஆசிரியருக்குப் பெரிய பங்கு உண்டு. 2008இல் இருந்து இணையத்தில் வாரம் ஒரு மெட்டா போட்டு வருகிறார். மாதத்தின் முதல் வாரம் எளிதாக இருக்கும், கடைசி வாரம் மண்டையை உடைக்கும். வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகையும் வெள்ளிக்கிழமைகளில் மெட்டா போட்டி வைக்கிறது, பரிசு ஒரு கோப்பை. தேநீர் குடிக்கிற கோப்பைதான். அதற்காக ஆயிரக்கணக்கில் மனிதர்கள் வாரக் கடைசியைக் கொடுக்கிறார்கள் என்றால், அந்தப் பளிச் என்ற நொடிக்கு எவ்வளவு மதிப்பு என்று பாருங்கள்.

ஆனால் இது வெளியில் இருந்து வந்த சரக்கு என்று நினைக்காதீர்கள். எனக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும். தண்டியலங்காரம் என்ற பழைய அணி இலக்கண நூலில் சித்திரகவி வகைகள், அதாவது எழுத்தையும் சொல்லையும் வைத்து விளையாடும் பாட்டு வகைகள், வருகின்றன. அதில் ஒன்றுக்கு வினாவுத்தரம் என்று பெயர். அங்கே காட்டும் பாட்டில் வரிசையாகக் கேள்விகள். பூமகள் யார்? திரு. போகிறவனை அனுப்புகிறவன் என்ன சொல்வான்? ஏகு. சரத்துக்கு வேறு பெயர்? அம்பு. அழகின் பெயர்? அம். கடைசிக் கேள்வி, பிறை சூடிய பெருமான் விரும்பி இருக்கும் இடம் எது? முன்னே வந்த நான்கு விடைகளையும் சேருங்கள். திரு, ஏகு, அம்பு, அம். திருவேகம்பம். காஞ்சிபுரத்துச் சிவன் கோவில்!

பார்த்தீர்களா? சின்ன விடைகள், அவற்றைச் சேர்த்தால் பெரிய விடை. அந்தப் பெரிய விடை வந்ததும், “சரியா?” என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அதுவே தன்னைச் சரி என்று சொல்லும். கட்டம்தான் இல்லை, மற்றபடி இது மெட்டாதான்.

இப்போது என் புதிருக்கு வருகிறேன். அதில் ஒரு பிழை நடந்தது, அதைச் சொல்லத்தான் இந்தக் காணொளி.

இறுதி விடையாக எங்கள் ஊர்ப் பெயரை வைக்க ஆசைப்பட்டேன். திருக்கோணமலை. எண்ணிப் பாருங்கள்: தி, ரு, க், கோ, ண, ம, லை. ஏழு எழுத்து. ஆங்கிலத்தில் என்றால் ஏழு சொற்களின் முதல் எழுத்தைக் கோத்து விடலாம். தமிழில் முடியாது. க் என்று ஒரு சொல் தொடங்காது. ண தொடங்காது. லை என்று தொடங்கும் தமிழ்ச் சொல்லும் இல்லை. 247 எழுத்து இருந்தும் சொல்லுக்கு முதலில் நிற்கக்கூடியவை அதில் பாதிகூட இல்லை.

மூன்று நாள் யோசித்தேன். ஒரு மாலை கோட்டை வாசலுக்குள் நுழைந்து கோவிலுக்கு ஏறிக்கொண்டிருந்தபோதுதான் வழி கிடைத்தது. முதல் சொல்லில் முதல் எழுத்து, இரண்டாம் சொல்லில் இரண்டாம் எழுத்து, மூன்றாவதில் மூன்றாவது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு படி ஏற வேண்டும். புதிருக்குத் தலைப்பு “படிப்படியாக”.

வீட்டுக்கு வந்து சொல் தேடினேன். திருவிழா, முதல் எழுத்து தி. அருவி, இரண்டாவது ரு. வழக்கம், மூன்றாவது க். எழுதுகோல், நான்காவது கோ. இராமாயணம், ஐந்தாவது ண. இந்த இராமாயணம் கிடைத்தபோது நான் எழுந்து நடக்கத் தொடங்கி விட்டேன். வெள்ளைத்தாமரை, ஆறாவது ம. முல்லைப்பூமாலை, ஏழாவது லை.

அப்புறம் கட்டம் கட்ட வேண்டும். இங்கேதான் தமிழ் நம்மைப் பிழிந்து எடுக்கும். வழக்கம் குறுக்கே போகிறது, அதில் உள்ள க் கட்டத்தை ஒரு மேலிருந்து கீழ்ச் சொல் வெட்ட வேண்டும் என்று வையுங்கள். அந்தச் சொல் க் என்று தொடங்காது, க் என்று முடியவும் முடியாது. அப்படியானால் க் நடுவில்தான் வரலாம். க் வந்தால் அடுத்த கட்டத்தில் க, கா, கி, கு என்று அந்த வரிசை எழுத்துத்தான் வரும், வேறு எதுவும் ஒட்டாது. ஆகவே ஒரே ஒரு புள்ளி எழுத்து தனக்கு மேலும் கீழும் உள்ள கட்டங்களையும் தீர்மானித்து விடுகிறது. நான் அங்கே பாக்கு போட்டேன். ண வருகிற இடத்தில் கிணறு. லை வருகிற இடத்தில் விலை. கோ எளிது, கோபுரம் அங்கே தானாக வந்து நின்றது.

ஆங்கிலப் பத்திரிகைகளில் கட்டத்தை அரைச் சுற்றுச் சுற்றினாலும் கறுப்புக் கட்டங்கள் அதே இடத்தில் நிற்க வேண்டும். அதற்கு முக்கியச் சொற்கள் ஒரே நீளத்தில் சோடி சோடியாக வேண்டும். என் சொற்களின் நீளம் 4, 3, 5, 5, 6, 7, 7. அந்த ஒழுங்கை நான் விட்டுவிட்டேன். கட்டத்தின் அழகுக்காக நல்ல சொல்லை வெளியே தள்ளுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

எல்லாம் முடித்துக் கீழே ஒரு வரி எழுதினேன்: “இறுதி விடை ஏழு எழுத்தில் ஓர் ஊர்ப் பெயர்.” சனிக்கிழமை காலை குழுவில் போட்டேன்.

பதினொரு நிமிடத்தில் டொரோண்டோவில் இருந்து ஒரு அண்ணா சரியான விடை அனுப்பி விட்டார். எனக்கு ஆச்சரியம். எப்படி அண்ணா என்று கேட்டேன். “தம்பி, நான் இரண்டு சொல்தான் நிரப்பினேன். ஏழு எழுத்து ஊர், போட்டது நீ. வேறு எந்த ஊரை வைப்பாய்?” என்றார்.

அவர் செய்ததில் ஒரு பிழையும் இல்லை. பிழை என்னுடையது. மூன்று கிழமை இருந்து கட்டிய படிகளில் ஒன்றில்கூடக் கால் வைக்காமல் உச்சிக்குப் போக நானே பக்கத்தில் ஒரு பாதை வெட்டிக் கொடுத்திருக்கிறேன். ஊர்ப் பெயர் என்று சொல்லியிருக்கவே கூடாது. மனது மிகவும் கஷ்டப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை இரவு சாம்பல்தீவில் இருந்து ஒரு அக்காவின் குரல் பதிவு வந்தது. தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவர். அவருக்கும் ஊர்ப் பெயர் உடனே தோன்றி இருக்கிறது. ஆனால் அவர் வாழ்நாள் முழுக்கத் திருகோணமலை என்றே எழுதியவர். இப்போது பெயர்ப் பலகைகளிலும் அரச கடிதங்களிலும் அப்படித்தான் இருக்கிறது. அதில் ஆறு எழுத்துத்தான். எனவே இது நம் ஊர் இல்லை என்று தள்ளிவிட்டு, மட்டக்களப்பை எண்ணிப் பார்த்திருக்கிறார். ம, ட், ட, க், க, ள, ப், பு. எட்டு. யாழ்ப்பாணம் யா, ழ், ப், பா, ண, ம். அதில் ஆறு. ஒன்றும் பொருந்தவில்லை.

பிறகுதான் தலைப்புக்குத் திரும்பி இருக்கிறார். படிப்படியாக. தி, ரு என்று ஏறி, மூன்றாம் படியில் க் வந்து நின்றதும் “ஐயோ, திருக்கோணமலை!” என்று சத்தம் போட்டதாகச் சொன்னார். “திரு என்ற சொல்லோடு கோணமலை சேரும்போது அந்த க் வர வேண்டும் என்று எத்தனை வருடம் பிள்ளைகளுக்குப் புணர்ச்சி படிப்பித்தேன். என் ஊர்ப் பெயரில் அதை விட்டுவிட்டேனே தம்பி” என்றார். அந்தப் பதிவை இன்றைக்கும் வைத்திருக்கிறேன்.

இரண்டு பேரும் ஒரே விடையைத்தான் அனுப்பினார்கள். அண்ணா அதை ஊகித்தார். அக்கா முதலில் வேறு மாதிரி நினைத்தார், புதிர் அவரைத் திருத்தி அழைத்துக்கொண்டு வந்தது. எனக்கு அக்காவுக்குக் கிடைத்த அனுபவம் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும். அதற்குப் பிறகு நான் புதிர் போடும் முறை மாறிவிட்டது. இறுதி விடை என்ன வகை என்று சொல்வதில்லை. எழுத்து எண்ணிக்கை மட்டும் சொல்வேன். மற்றதைத் தலைப்பு சுமக்க வேண்டும். வழியையும் தலைப்பே காட்ட வேண்டும், விடை வந்த பிறகு அதுதான் விடை என்று உறுதி சொல்லவும் வேண்டும். இந்த இரண்டு வேலையும் செய்யாத தலைப்பு என்றால் அந்தப் புதிரை நான் வெளியே விடுவதில்லை. இப்போது கொப்பியில் நான்கு புதிர் அப்படிக் கிடக்கிறது, தலைப்புக்காக.

இருட்டப் போகிறது. துறைமுகப் பக்கம் விளக்குகள் எரியத் தொடங்கி விட்டன. போவதற்கு முன் உங்களுக்குச் சின்னதாக ஒன்று தருகிறேன். கட்டம் வேண்டாம், ஒரு தாளும் பேனையும் போதும். நான்கு குறிப்பு, ஒவ்வொரு விடையும் மூன்று எழுத்து.

ஒன்று, கண்ணாடிக்கு முன்னால் நின்றதும் தெரிவது. இரண்டு, இது இல்லாத பண்டம் குப்பையிலே. மூன்று, நட்டத்துக்கு எதிர்ச்சொல். நான்கு, வள்ளுவர் கேடில் விழுச்செல்வம் என்றது.

இந்த நான்கும் சேர்ந்து இன்னொரு விடை தரும், அது நான்கு எழுத்து. புதிரின் தலைப்பு “நடுக்கடல்”. கரை சேர்ந்தால் எழுதுங்கள், விடையை மட்டும் எழுதாதீர்கள்.