குதிரையின் காலும் குருத்தணுவும்

நேயர்களுக்கு வணக்கம்.

குதிரையின் முன்னங்காலில், முழங்காலுக்குக் கீழே பின்புறமாக ஒரு தசைநாண் இறங்குகிறது. பந்தயப் பாய்ச்சலில் அந்த ஒற்றைக் காலின் மேல் உடல் எடையையும் மிஞ்சிய பாரம் விழும். நார்கள் அறுந்தால் ஆறத்தான் செய்யும். ஆனால் தழும்பாக ஆறும். தழும்புக்குச் சுருள்வில்லைப்போல இழுபட்டு மீளும் தன்மை கிடையாது. மறுபடி ஓடவிட்டால் மறுபடி அறுகிறது.

ஸ்டெம் செல் என்கிற குருத்தணுவை, அதாவது வேறு வகை உயிரணுக்களாக மாறவல்ல உயிரணுவை, கால்நடை மருத்துவர்கள் இங்கேதான் முதலில் நம்பிக்கையோடு கையில் எடுத்தார்கள். அதே குதிரையின் மார்பெலும்பிலிருந்து மஜ்ஜையை உறிஞ்சி, ஆய்வகத்தில் சில வாரம் வளர்த்து, ஸ்கேனில் பார்த்தபடியே அறுந்த இடத்துக்குள் ஊசி வழியே செலுத்துவார்கள். பிரிட்டனில் இப்படிச் சிகிச்சை பெற்ற 113 பந்தயக் குதிரைகளைப் பற்றிய ஆய்வு 2012-ல் வெளிவந்தது. மறுகாயம் பட்டவை சுமார் 27 விழுக்காடு. பழைய சிகிச்சைகளில் இது ஏறக்குறைய இருமடங்கு. எனக்கு மகிழ்ச்சியான எண்தான். ஆனால் ஒப்பிட்டது பழைய பதிவேடுகளோடு. அதே ஆய்வில் இந்தச் சிகிச்சை பெறாமல் விடப்பட்ட வேறு குதிரைகளோடு அல்ல.

செலுத்திய அணுக்கள் புது நாராக மாறிவிடும் என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். பெரும்பாலானவை சில வாரங்களில் மறைந்துவிடுகின்றன. இருக்கும்வரை அவை சுரப்பவைதான் அழற்சியைத் தணித்து, சுற்றியுள்ள திசுவைச் சீர்செய்யத் தூண்டுகின்றன. 1991-ல் இவற்றுக்கு 'மீசன்கைமல் ஸ்டெம் செல்' என்று பெயரிட்ட அமெரிக்க உயிரியலாளர் அர்னால்ட் கேப்லனே, 2017-ல் அந்தப் பெயரை மாற்றுங்கள் என்று எழுதினார்.

அணுக்கள் திசுவாக மாறாமல், சுரந்தே வேலை செய்வதைப் பூனைகளிடம் தெளிவாகப் பார்க்கலாம். ஈறும் வாயும் புண்ணாகி, பல்லையெல்லாம் பிடுங்கிய பிறகும் சில பூனைகள் உண்ண முடியாமல் தவிக்கும். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் அப்படிப்பட்ட 7 பூனைகளுக்கு, அவற்றின் கொழுப்பிலிருந்தே பிரித்த அணுக்களை ரத்தத்தில் இருமுறை, முறைக்கு 2 கோடி வீதம், ஏற்றினார்கள். 2016-ல் வெளியான முடிவின்படி 5 தேறின. புண்ணுக்குள் எதையும் நடவில்லை. சொந்த வாயையே தாக்கிய எதிர்ப்பு சக்தி அடங்கியது, அவ்வளவே.

நாயின் மூட்டுவலியில்தான் நாம் மிகுந்த கவனமாக இருக்க வேண்டும். ஊசி எதற்கென்று நாய்க்குத் தெரியாது, வளர்ப்பவருக்குத் தெரியும். பாசமுள்ள கண், நொண்டல் குறைந்ததாகவே பார்க்கும். மருத்துவரின் கண்ணும் அப்படித்தான். அதனால்தான் கால் ஊன்றும் விசையை அளக்கும் தட்டின்மேல் நாயை நடக்கவிட்டு, ஊசியில் என்ன இருந்தது என்று அறியாதவர் கணக்கெடுக்க வேண்டும் என்கிறேன்.

2019-ல் ஐரோப்பிய ஒன்றியம் குதிரை மூட்டுக்கான ஸ்டெம் செல் மருந்துக்கு முதன்முறையாக அனுமதி தந்தது. கொடைக் குதிரையின் ரத்தத்திலிருந்து முன்கூட்டியே தயாரித்து, உறையவைத்து அனுப்புகிறார்கள். ஒவ்வொரு குப்பியும் ஒரே தரத்துக்கு உட்பட்டது. எனக்கு இந்த வழிதான் பிடித்திருக்கிறது.

உங்கள் பிராணிக்கு இச்சிகிச்சையை யாரேனும் சொன்னால் கேளுங்கள்: அணுக்கள் எங்கிருந்து வந்தவை, ஊசியில் உயிரோடு இருப்பவை எத்தனை, எதோடு ஒப்பிட்டுப் பலன் என்கிறீர்கள்? நல்ல மருத்துவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நன்றி, வணக்கம்.