முதல் ஆட்டத்தில் தடுமாறி வென்ற அணியை நம்பலாமா?

[திரையில் நான்கு ஆட்டங்களின் இறுதிப் புள்ளிகள், ஒவ்வொன்றாக]

2014 ஆகஸ்ட் 30, சனிக்கிழமை. பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் வீசியும் ஆடும் அமெரிக்கக் கால்பந்தின் கல்லூரி சீசனில் முதல் வாரம். நடப்புச் சாம்பியனான புளோரிடா ஸ்டேட், தரவரிசையில் இடமே பெறாத ஓக்லஹோமா ஸ்டேட்டை 37-31 என்று மூச்சு முட்ட வென்றது. இரண்டாம் இடத்தில் இருந்த அலபாமா, வெஸ்ட் வர்ஜீனியாவை 33-23 என்று வென்றது. ஐந்தாம் இடத்தில் இருந்த ஓஹாயோ ஸ்டேட், கடற்படை அகாடமியின் நேவி அணியிடம் இடைவேளையில் 7-6 எனப் பின்தங்கியிருந்து, ஒருவழியாக 34-17 என்று முடித்தது. ஓரிகன் மட்டும் சௌத் டகோட்டாவை 62-13 என்று நொறுக்கித் தள்ளியது.

அந்த சீசனில்தான் கல்லூரிக் கால்பந்தில், சாம்பியனைத் தீர்மானிக்கும் கடைசிச் சுற்றான பிளேஆஃப் முறை முதன்முறையாக வந்தது. நாடு முழுவதிலுமிருந்து நான்கே அணிகளுக்கு இடம். டிசம்பரில் தேர்வுக்குழு அறிவித்த அந்த நான்கு அணிகள் எவை தெரியுமா? இப்போது நான் சொன்ன இதே நான்கு அணிகள்தான்.

முதல் வாரம் தடுமாறி ஜெயித்த அணியின் ரசிகர்களிடையே ஆண்டுதோறும் ஒரே சண்டைதான் நடக்கிறது. வெற்றி வெற்றிதான், அடுத்த ஆட்டத்தைப் பார்ப்போம் என்கிறது ஒரு கட்சி. இந்த லட்சணத்தில் ஆடினால் பெரிய அணி ஒன்று வந்ததும் சாயம் வெளுத்துவிடும் என்கிறது இன்னொரு கட்சி. இரு தரப்புமே புள்ளி வித்தியாசத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் வாதாடுகின்றன. நான் பார்க்கச் சொல்வது வேறொன்றை. தடுமாற்றம் எந்த இடத்திலிருந்து வந்தது? பயிற்சியால் சரியாகக்கூடிய இடமா அது, இல்லை அணியின் குணமாகவே ஊறிப்போன ஒன்றா? 2014 இதற்கு அருமையான பாடம். ஒரே நாளில் தடுமாறிய இரண்டு அணிகள் வெவ்வேறு திசைகளில் போய், கடைசியில் அடுத்தடுத்து ஒரே எதிரணியைச் சந்தித்தன.

முதலில் ஓர் அடிப்படை விஷயம். தொழில்முறை லீகான என்எஃப்எல் அணிகளுக்கு, சீசனுக்கு முன்பு மற்ற அணிகளோடு மோதிப்பார்க்கும் ஒத்திகை ஆட்டங்கள் உண்டு. கல்லூரி அணிகளுக்கு அது கிடையாது. ஆகஸ்ட் முழுவதும் தங்கள் சொந்த அணி வீரர்களோடு மட்டும் மோதிப் பழகிவிட்டு, நேராகப் புள்ளிக்கணக்கில் சேரும் ஆட்டத்துக்குள் இறங்குகிறார்கள். ஆண்டுதோறும் ஒரு பகுதி வீரர்கள் படிப்பை முடித்தோ என்எஃப்எல்லுக்குத் தேர்வாகியோ போய்விடுகிறார்கள். ஆகவே முதல் ஆட்டம் தடுமாற்றமாக இருப்பதில் வியப்பில்லை. தடுமாற்றங்களில் எது நிலைத்து நிற்கும் என்பதைப் பிரித்தறிவதுதான் சிரமம்.

[வரைபடம்: நேவியின் ஆட்ட அமைப்பு]

ஓஹாயோ ஸ்டேட்டுக்கு வருவோம். ஆட்டம் பால்டிமோரில். சீசன் தொடங்க இரண்டு வாரம்கூட இல்லாத நிலையில் அவர்களுடைய நட்சத்திர குவார்ட்டர்பேக் (பந்தை வீசித் தாக்குதலை நடத்துபவர்) பிராக்ஸ்டன் மில்லருக்குத் தோளில் காயம். சீசன் முழுவதும் ஆட முடியாது. கல்லூரி ஆட்டம் ஒன்றில்கூட இறங்கியிராத ஜே.டி. பாரெட் என்ற இளைஞர் களத்துக்கு வந்தார். அவருக்கு முன்னால் நின்று எதிரணியை மறிக்கவேண்டிய ஐவர் முன்வரிசையில் நால்வர் புதியவர்கள். டெய்லர் டெக்கர் ஒருவர்தான் பழையவர்.

அன்று நேவி, பந்தை வீசாமல் ஏந்தி ஓடியே மொத்தம் 370 யார்டு முன்னேறியது. மறுநாள் பலர் பிடித்துக்கொண்டது இந்த எண்ணைத்தான்: தடுப்பு அணி ஓட்டை என்று. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. நேவி ஆடுவது டிரிபிள் ஆப்ஷன் என்ற பழைய முறை. பந்து கைக்கு வந்ததும் குவார்ட்டர்பேக் பின்வாங்கி நின்று வீசுவதில்லை. அவருக்குப் பின்னால் நிற்கும் ஃபுல்பேக் நடுவை நோக்கிப் பாய்கிறார். எதிரணியின் வரிசை ஓரத்தில் நிற்கும் ஒருவரை நேவி வேண்டுமென்றே மறிக்காமல் விட்டிருக்கும். குவார்ட்டர்பேக்கின் கண் முழுக்க அவர்மேல். அவர் ஃபுல்பேக்கைப் பிடிக்கப் பாய்ந்தால், குவார்ட்டர்பேக் பந்தைத் தானே வைத்துக்கொண்டு ஓரமாக ஓடுவார். அவர் பாயாமல் நின்றால் பந்து ஃபுல்பேக்கிடமே போகும். ஓரத்தில் இன்னொருவர் வந்து மறித்தால், பக்கத்தில் இணையாக ஓடிவரும் சக வீரரிடம் பந்தை எறிந்துவிடுவார். இத்தனையும் கண் இமைக்கும் நேரத்தில். தடுக்கும் அணியில் ஒருவர் தன் பொறுப்பை விட்டுவிட்டுப் பந்தின் பின்னால் ஓடினால் போதும், பத்து யார்டு போய்விடும்.

நேவி இதை ஆடுவதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே படிப்பவர்கள் கடற்படையிலோ மரைன் படையிலோ அதிகாரிகளாகக் குறைந்தது ஐந்தாண்டு பணிபுரிய வேண்டியவர்கள். உடல்தகுதி வரம்புகள் உண்டு. 140 கிலோ மலைகளை அங்கே சேர்த்து வைத்துக்கொள்ள முடியாது. எனவே பலத்தால் தள்ளாமல் கோணத்தாலும் கணக்காலும் ஏமாற்றும் முறையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். மற்ற அணிகள் இதை ஆண்டுக்கு ஒருமுறை சந்தித்தாலே அதிகம். அந்த 370 யார்டு, அடுத்த வாரம் வரும் அணியைப் பற்றி எதுவுமே சொல்லாத எண்.

அன்று பார்க்கவேண்டியது மறுபக்கத்தை. ஓஹாயோ ஸ்டேட்டின் ஓட்டக்காரர் எசிகியல் எலியட் 50 யார்டைக்கூட எட்டவில்லை. தன்னைவிட உருவத்தில் சிறிய அணியை அந்தப் புதிய முன்வரிசையால் நகர்த்த முடியவில்லை. மூன்றாம் கால் பகுதியில் நேவி 14-13 என மீண்டும் முன்னிலை பெற்றதும், பாரெட் வீசிய ஒரு நீளமான பந்தை டெவின் ஸ்மித் பிடித்து 80 யார்டு டச்டவுன் (எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பெறும் ஆறு புள்ளி) போட்டார். அங்கேதான் ஆட்டம் திரும்பியது. அழகான வீச்சு. ஆனால் அந்த ஒரு வீச்சு முன்வரிசையின் பலவீனத்தை மறைத்துவிட்டது.

ஒரு வாரத்தில் மூடி திறந்தது. செப்டம்பர் 6, சொந்த மைதானம், தரவரிசையில் இல்லாத வர்ஜீனியா டெக். அவர்களுடைய தடுப்புப் பயிற்சியாளர் பட் ஃபாஸ்டர் தன் ஆட்களை ஓஹாயோ முன்வரிசையின் நடு மூவருக்கும் நேரெதிரே, முகத்துக்கு முகம் நிறுத்தினார். சாதாரணமாக நடுவில் நிற்பவர்கள் இருவர் சேர்ந்து ஒருவரை மறித்து ஒருவருக்கொருவர் கைகொடுப்பார்கள். எல்லோருக்கும் எதிரே ஓர் ஆள் நின்றால் அந்த உதவி அறுந்துபோகிறது. அனுபவமில்லாதவர்கள் தனித்தனியாக மாட்டிக்கொள்கிறார்கள். பாரெட் ஏழு முறை பந்தோடு கீழே வீழ்த்தப்பட்டார். அவர் வீசிய பந்துகளில் மூன்று எதிரணி கைக்குப் போயின. 35-21 தோல்வி. தரவரிசையில் முதல் வாரமே ஐந்திலிருந்து எட்டுக்கு இறங்கியிருந்த அணி, இப்போது 22-ஆம் இடத்துக்குச் சரிந்தது.

கவலைப்பட்டவர்கள் சொன்னதுதான் நடந்தது என்று இங்கே வீடியோவை நிறுத்திவிடலாம். ஆனால் கதையின் ருசியே இனிமேல்தான். அந்த ஐந்து பேரும் வாராவாரம் சேர்ந்து ஆடினார்கள். வர்ஜீனியா டெக்கின் அதே அமைப்பை மற்ற அணிகளும் போட்டுப் பார்த்தன. ஓஹாயோ அதற்குள் விடையைக் கற்றிருந்தது. நவம்பரில் மிச்சிகன் ஸ்டேட்டை அவர்களுடைய மைதானத்திலேயே 49-37 என்று வென்றது. மாதக் கடைசியில் மிச்சிகனுக்கு எதிரான ஆட்டத்தில் பாரெட்டின் கணுக்கால் முறிய, மூன்றாம் நிலை குவார்ட்டர்பேக் கார்டேல் ஜோன்ஸ் வந்தார். அவர் முதன்முதலாக ஆட்டத்தைத் தொடங்கிய நாளில், மாநாட்டு (அணிகள் சேர்ந்து ஆடும் குழுவுக்கு அங்கே அதுதான் பெயர்) இறுதியில், விஸ்கான்சின் 59-0 என்று மண்ணைக் கவ்வியது.

[திரையில் மூன்று எண்கள்: 220, 230, 246]

நேவிக்கு எதிராக 50 யார்டை எட்டாத எலியட், விஸ்கான்சினிடம் 220, அலபாமாவிடம் 230, இறுதிப்போட்டியில் ஓரிகனிடம் 246 யார்டு ஓடினார். ஓட்டக்காரரும் அவரே, முன்வரிசையில் நின்றவர்களும் அவர்களே. மாறியது அவர்கள் சேர்ந்து நின்று மறிக்கும் பழக்கம் ஒன்றுதான்.

இனி புளோரிடா ஸ்டேட். முந்தைய ஆண்டு கல்லூரிக் கால்பந்தின் சிறந்த வீரருக்கான ஹெய்ஸ்மன் விருது வாங்கிய ஜேமிஸ் வின்ஸ்டன்தான் அங்கே குவார்ட்டர்பேக். முதல் ஆட்டத்தில் 370 யார்டு வீசினார். கூடவே இரண்டு முறை பந்தை எதிரணியின் கையிலும் கொடுத்தார். புதிய அணியல்ல, புதிய குவார்ட்டர்பேக்கும் அல்ல. ஆனாலும் சிந்தல். சாம்பியன் ஆன 2013-இல் முழு சீசனுக்கும் அவர் வீசி எதிரணி கைக்குப் போனவை 10 பந்துகள். 2014-இல் அது 18 ஆனது.

அந்த அணி வென்ற விதம் நெஞ்சைப் பதறவைத்தது. நார்த் கரோலினா ஸ்டேட்டிடம் 24-7 என்று பின்தங்கி வென்றது. லூயிவில்லிடம் 21-0 என்று பின்தங்கி வென்றது. மயாமியிடம் 23-10 என்று பின்தங்கி வென்றது. பாஸ்டன் காலேஜ் 20-17, புளோரிடா 24-19, மாநாட்டு இறுதியில் ஜார்ஜியா டெக் 37-35. தோல்வியே இல்லாமல் 13-0. தேர்வுக்குழு என்ன செய்தது? நாட்டின் பெரிய மாநாடுகளில் தோல்வி காணாத ஒரே அணியை, ஒரு தோல்வி கண்ட அலபாமாவுக்கும் ஓரிகனுக்கும் கீழே மூன்றாம் இடத்தில் வைத்தது. புளோரிடா ஸ்டேட் ரசிகர்கள் கொதித்தார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. கடைசி நிமிடங்களில் பதறாமல் ஆடி இரண்டு ஆண்டுகளில் 29 ஆட்டங்களைத் தொடர்ந்து வெல்வது வெறும் அதிர்ஷ்டமல்ல. அதை அப்படிச் சொல்பவர்களோடு நான் ஒருநாளும் உடன்பட மாட்டேன்.

ஆனால் சிந்தல் நிற்கவில்லை. 2015 ஜனவரி 1, ரோஸ் போல் என்ற அரையிறுதி ஆட்டம், எதிரே ஓரிகன். இடைவேளையில் 18-13 தான். புளோரிடா ஸ்டேட் இதைவிட மோசமான நிலைகளிலிருந்து எழுந்து வந்திருக்கிறது. இரண்டாம் பாதி 41-7. அந்த ஆட்டத்தில் ஐந்து முறை பந்தைப் பறிகொடுத்தார்கள். அதில் ஒன்றை இன்றும் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள்: துரத்தி வருபவர்களிடமிருந்து வின்ஸ்டன் பின்னால் ஓடுகிறார், திரும்புகிறார், கால் வழுக்குகிறது, வீசக் கையை ஓங்கிய வேகத்தில் பந்து பின்னோக்கிப் பறக்கிறது. ஓரிகனின் டோனி வாஷிங்டன் அதைப் பொறுக்கிக்கொண்டு 58 யார்டு ஓடி டச்டவுன் போடுகிறார். இறுதிப் புள்ளி 59-20.

பதினொரு நாள் கழித்து அதே ஓரிகனை ஓஹாயோ ஸ்டேட் 42-20 என்று வீழ்த்திக் கோப்பையைத் தூக்கியது. அந்த இறுதியிலும் ஓஹாயோ நான்கு முறை பந்தை இழந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். முன்வரிசை அவ்வளவு பலமாக இருந்ததால் அந்தத் தவறுகளைத் தாங்க முடிந்தது. அலபாமா நடுவில் நின்ற கதை: வெஸ்ட் வர்ஜீனியாவின் கிளின்ட் டிரிக்கெட் அவர்கள்மேல் 365 யார்டு வீசியபோது தெரிந்த பின்களத் தளர்ச்சி, சுகர் போல் அரையிறுதியில் ஓஹாயோவிடம் 42-35 என்று தோற்றவரை முழுதாக ஆறவில்லை.

[திரையில்: 2024 ஆகஸ்ட் 31, யூஜீன் நகரம்]

இந்த அளவுகோலை வேறோர் ஆண்டில் வைத்துப் பார்க்கலாம். 2024-இல் பிளேஆஃப் 12 அணிகளாக விரிந்தது. ஒரு தோல்வியால் சீசன் முடிந்துவிடும் என்ற பயம் குறைந்தது. அந்த ஆண்டு தரவரிசையில் மூன்றாம் இடத்தில் தொடங்கிய ஓரிகன், ஒரு படி கீழ்ப் பிரிவில் ஆடும் ஐடஹோவைச் சொந்த மண்ணில் 24-14 என்றுதான் வென்றது. குவார்ட்டர்பேக் டில்லன் கேப்ரியலை முன்வரிசை சரியாகக் காக்கவில்லை. அடுத்த வாரம் பாய்சி ஸ்டேட்டிடம் கடைசி நொடி ஃபீல்டு கோலால் (பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே செலுத்திப் பெறும் மூன்று புள்ளி) 37-34 என்று தப்பியது. பயிற்சியாளர் டான் லானிங் முன்வரிசையில் இடங்களை மாற்றினார். மூன்றாம் வாரம் ஓரிகன் ஸ்டேட் என்ற வேறோர் அணி அவர்களிடம் 49-14 என்று விழுந்தது. பிறகு தோல்வியே இல்லை. மாநாட்டுக் கோப்பையோடு 13-0. ஓஹாயோவைப் போலவே, சரியாகக்கூடிய இடத்தில் இருந்த கோளாறு சரியானது என்றுதான் எல்லோரும் எண்ணினோம்.

2025 ஜனவரி 1-இல், இம்முறை காலிறுதியாக நடந்த ரோஸ் போலில் அவர்கள் முன் வந்து நின்றது ஓஹாயோ ஸ்டேட். கேப்ரியல் எட்டு முறை வீழ்த்தப்பட்டார். அந்த இழப்புகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஓரிகன் தரையில் ஓடி எடுத்தது கழித்தல் 23 யார்டு. 34-0 என்று பின்தங்கி, 41-21 என்று தோற்றார்கள். ஐடஹோ ஆட்டத்தில் பார்த்த அதே கோளாறுதானா, இல்லை அந்த ஆண்டின் சாம்பியனாகப்போகும் அணியின் தடுப்பு வரிசையை யாராலும் தாங்கியிருக்க முடியாதா என்று ஓரிகன் ரசிகர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். இரண்டும் கலந்தது என்பது என் கருத்து. ஆனால் பெரும்பங்கை ஓஹாயோவின் தடுப்பு வரிசைக்கே கொடுப்பேன். இடங்களை மாற்றிய பிறகு பதினோரு ஆட்டங்களில் தாங்கிய சுவர் அது, தாங்காமல் போனது அந்த ஒரே ஒரு ஆட்டத்தில்தான்.