31 அங்குல டயர், பழைய டொயோட்டா பிக்கப், எந்த ஆக்சில் விகிதம்? டென்வர் தம்பிக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று மட்டும் என்னை விடவே இல்லை. படித்ததிலிருந்து கால்குலேட்டரும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன். டென்வரிலிருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்கிறார். அவரிடம் 1985-ஆம் வருட டொயோட்டா பிக்கப் இருக்கிறது. ஃபோர் வீல் டிரைவ், கார்புரேட்டர் வைத்த 22ஆர் இன்ஜின், ஐந்து கியர். நாம் ஹைலக்ஸ் என்று சொல்கிற அதே வண்டிதான், அமெரிக்காவில் வெறும் பிக்கப் என்ற பெயரிலேயே விற்றார்கள். கம்பெனி டயரைக் கழற்றிவிட்டு 31 அங்குல டயர் போட்டிருக்கிறார். அவர் எழுதியதைப் படிக்கிறேன்: "அண்ணா, டயர் மாற்றியதிலிருந்து ஐந்தாவது கியர் போட்டாலே வண்டி படுத்துவிடுகிறது. ஐசன்ஹோவர் டன்னல் ஏற்றத்தில் லாரிகளோடு ஊர்ந்து போகிறேன். மைலேஜும் விழுந்துவிட்டது. பின் ஆக்சிலில் 5.29 போடு என்கிறார் ஒரு நண்பர். மைலேஜுக்கு 3.73 போடு என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?"

இரண்டு பேர் சொல்வதும் வேண்டாம் தம்பி.

நம் பழைய நேயர்களுக்கு நான் எங்கே ஆரம்பிப்பேன் என்று தெரியும். டயர் வீடியோவில் சொன்னேன், கிளட்ச் வீடியோவிலும் சொன்னேன்: முதலில் டயரை அளந்துவிட்டு வாருங்கள். ஆக்சில் விகிதம் தனியாக நிற்கிற எண் கிடையாது. உங்கள் வண்டியில் கம்பெனி போட்டது 4.10. அதாவது கியர்பாக்ஸ் பக்கத்திலிருந்து ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுவருகிற புரொப்பெல்லர் ஷாஃப்ட் 4.10 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. ஆக்சிலுக்குள் இருக்கிற பெரிய பல்சக்கரமான கிரவுனில் 41 பல், அதைச் சுற்றுகிற சின்னப் பல்சக்கரமான பினியனில் 10 பல். ஆனால் அந்த 4.10 என்பது 225/75 ஆர் 15 டயருக்காகக் கணக்குப் போட்டு வைத்தது. அந்த டயரின் விட்டம் சுமார் 718 மில்லிமீட்டர். 31 அங்குல டயர் 787. கிட்டத்தட்ட பத்து சதவீதம் பெரிது. ஒரு சுற்றுக்கு வண்டி பத்து சதவீதம் கூடுதல் தூரம் போகிறது என்றால், இன்ஜினுக்கு ஆக்சில் விகிதம் பத்து சதவீதம் குறைந்த மாதிரிதான். 4.10-ஐ 1.096-ஆல் வகுத்துப் பாருங்கள். 3.74 வரும்.

பார்த்தீர்களா? நண்பர் 3.73 போடச் சொல்கிறார், தம்பி ஏற்கெனவே 3.74-ல்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார்! எந்த விகிதத்தால் வண்டி படுக்கிறதோ அதையே மருந்தாகவும் கொடுக்கிறார்கள். கால்குலேட்டரை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்ததே இதற்காகத்தான்.

மைலேஜ் விஷயத்தையும் இங்கேயே பார்த்துவிடலாம். இந்த வண்டியில் ஸ்பீடாமீட்டர் கேபிள் சக்கரத்திலிருந்து வரவில்லை, ஷாஃப்ட் பக்கத்திலிருந்து வருகிறது. டயர் பெரிதானது அதற்குத் தெரியாது. மீட்டர் 100 மைல் காட்டும்போது வண்டி கிட்டத்தட்ட 110 மைல் ஓடியிருக்கும். கேலனுக்கு 18 மைல் என்று உங்கள் கணக்கில் வந்தால் உண்மையில் 20-ஐ ஒட்டி வருகிறது. விழுந்த மைலேஜில் ஒரு பங்கு மீட்டரில்தான் விழுந்திருக்கிறது. இன்னொரு விஷயம், மீட்டர் 65 காட்டும்போது நீங்கள் 71-ல் போய்க்கொண்டிருக்கிறீர்கள். போலீஸ் நிற்கிற ரோட்டில் கவனம்.

சரி, இப்போது இன்ஜின் சுற்றுக்கு வருவோம். மணிக்கு 100 கிலோமீட்டர், உங்கள் ஊர்க் கணக்கில் 62 மைல் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாவது கியரின் விகிதம் 0.85. பழைய டயரில் இன்ஜின் நிமிடத்துக்கு 2,570 சுற்றில் ஓடியது. இப்போது 2,350. இந்த 22ஆர் இன்ஜினின் முழு இழுவை, அதாவது டார்க், 2,800 சுற்றில்தான் வருகிறது. அதற்கு 450 சுற்று கீழே இறக்கிவிட்டு, மேட்டில் ஏறு என்றால் எப்படி ஏறும்? நான்காவது கியருக்கு வந்தால் 2,760. அதனால்தான் தம்பிக்கு நான்காவதில் வண்டி நன்றாக இருக்கிறது. ஐந்து கியர் வண்டி நான்கு கியர் வண்டியாகிவிட்டது.

பழைய நிலைக்குத் திரும்ப வேண்டுமானால் 4.10-ஐ 1.096-ஆல் பெருக்க வேண்டும். 4.49. அந்த எண்ணில் கிரவுன்-பினியன் செட் கிடைக்காது, பக்கத்தில் இருப்பது 4.56. அதைப் போட்டால் 100-ல் 2,610 சுற்று. மீட்டரும் ஏறக்குறைய உண்மை பேச ஆரம்பித்துவிடும். வேறு யாராவது கேட்டிருந்தால் இங்கேயே முடித்திருப்பேன்.

ஆனால் கேட்டவர் டென்வர்க்காரர். அந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரத்தில் இருக்கிறது, 5,280 அடி. டர்போ இல்லாத இன்ஜின் ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீதம் பலம் இழக்கும். 22ஆர் இன்ஜினுக்கு 97 குதிரை என்று எழுதியிருப்பது கடலோரத்துக் கணக்கு. டென்வரில் அது 80 சொச்சம். ஐசன்ஹோவர் டன்னல் 11,158 அடி, அங்கே 65 சுமாருக்குத்தான் இருக்கும். கடலோரத்துக்கு ஜெட், அதாவது பெட்ரோல் வருகிற துளை, போட்ட கார்புரேட்டர் என்றால் மேலே போகப் போகப் பெட்ரோல் அதிகமாகி இன்னும் திணறும். அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எங்கே ஓட்டுகிறோம் என்பது எவ்வளவு முக்கியம் என்பதை நான் மஸ்கட்டில் வேலை பார்க்கும்போதுதான் புரிந்துகொண்டேன். ஒர்க்‌ஷாப்புக்கு இதே ஹைலக்ஸ் நிறைய வரும். ஒரு பெரியவர் ஜபல் அக்தர் மலைக்குத் தண்ணீர் டேங்க் ஏற்றிப் போவார். அந்த மலைப் பாதையில் ஃபோர் வீல் வண்டியைத்தான் விடுவார்கள், ஏற்றம் அப்படி. அவருடைய டயர் கம்பெனி டயர்தான். என் கணக்குப்படி அவர் எதையும் மாற்ற வேண்டியதில்லை. ஆனால் மேஸ்திரி அவரிடம் டயரைப் பற்றிக் கேட்டுவிட்டு, "நாள் முழுக்க எந்த கியரில் இருப்பீர்கள்?" என்று கேட்டார். "இரண்டு, மூன்று" என்றார் பெரியவர். நெடுஞ்சாலையில் வேகமாகப் போகிற வேலையே அவருக்கு இல்லை. 4.88 போட்டுக் கொடுத்தோம். அடுத்த முறை வந்தபோது ஒரு பை நிறைய மாதுளம்பழம் கொண்டு வந்தார், அந்த மலையில் விளைகிற மாதுளை. அதன் ருசியைப் பற்றி ஆரம்பித்தால் வீடியோ நீண்டுவிடும், விடுங்கள்.

தம்பிக்கும் நான் 4.88-தான் சொல்வேன். 31 அங்குல டயரில் 100-ல் 2,790 சுற்று, முழு இழுவை இருக்கிற இடத்திலேயே உட்காரும். 4.56-ஐ விட 180 சுற்று கூடுதல், மலை ஊரில் இருப்பவருக்கு அது தேவை. 5.29 போட்டால் 100-ல் 3,030, 75 மைல் ரோட்டில் போனால் 3,650-ஐத் தொடும். காது வலிக்கும், பெட்ரோலும் குடிக்கும். அதோடு விகித எண் ஏற ஏறப் பினியன் சிறுத்துக்கொண்டே போகும். 5.29-ல் பினியனுக்கு ஏழே பல். 33 அங்குலத்துக்கு மேல் டயர் போட்டுப் பாறையில் ஏறுகிறவர்களுக்கு அது சரி.

ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆக்சில் விகிதம் குதிரைசக்தியைக் கூட்டாது. டன்னலுக்குப் போகிற 7 சதவீத ஏற்றத்தில், அந்த உயரத்தில், 100-ஐப் பிடித்து நிற்க இந்த இன்ஜினால் முடியாது, எந்த கிரவுன் போட்டாலும் முடியாது. 4.88 போட்டால் மூன்றாவது கியரில் 3,200 சுற்றில் 70 கிலோமீட்டரில் சீராக ஏறும். இப்போது அதே வேகத்தில் 2,680-ல் முக்குகிறது.

அப்புறம், பின் ஆக்சிலில் என்ன போடலாம் என்று கேட்டிருக்கிறார். ஃபோர் வீல் வண்டியில் பின்னால் மட்டும் மாற்றவே கூடாது. ஃபோர் வீல் போட்டதும், முன்னுக்கும் பின்னுக்கும் சுழற்சியை அனுப்புகிற டிரான்ஸ்ஃபர் கேஸ் இரண்டு ஷாஃப்டையும் ஒன்றாகப் பூட்டிவிடும். முன்னால் 4.10, பின்னால் 4.88 என்றால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு ஏதாவது உடையும். இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். 1985 மாடலில் முன்னாலும் இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகச் சேர்க்கிற உருட்டு ஆக்சில்தான், இரண்டுக்கும் 8 அங்குல கிரவுன். 1986-லிருந்து முன்னால் தனித்தனி சஸ்பென்ஷன் வந்துவிட்டது, கிரவுனும் ஏழரை அங்குலம் ஆகிவிட்டது.

வாங்குவதற்கு முன் இப்போது உள்ளே இருப்பது 4.10-தானா என்று பாருங்கள். நாற்பது வருட வண்டி, எத்தனை கை மாறியதோ. திறக்கவே வேண்டாம். முன் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள், நியூட்ரலில் போடுங்கள், ஹேண்ட்பிரேக்கை எடுத்துவிடுங்கள். பின்னால் ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். டயரிலும் ஷாஃப்டிலும் சாக்பீஸ் கோடு போட்டுக்கொள்ளுங்கள். சக்கரத்தை 20 சுற்று சுற்றுங்கள், ஷாஃப்ட் எத்தனை சுற்றுகிறது என்று இன்னொருவர் எண்ணட்டும். ஒரு சக்கரம் தரையில் நிற்பதால் 20-க்குப் பத்துதான் கணக்கு. ஷாஃப்ட் 41 சுற்றினால் 4.10, 43 சுற்றினால் 4.30. இரண்டு சுற்றில் நிறுத்திவிட்டால் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டுகிற லாக்கர் போட்ட ஆக்சிலில் இந்த முறை நடக்காது.

தம்பி இன்னொன்றைக் கேட்டிருந்தால் ரொம்ப சந்தோஷப்பட்டிருப்பேன்: இதை யார் செட் செய்வது? சரியான விகிதத்தை வாங்கித் தப்பாக செட் செய்த வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஓரிரு மாதத்தில் ஊளையிட ஆரம்பிக்கும். இந்த டொயோட்டாவில் ஒரு வசதி உண்டு, ஆக்சில் ஷாஃப்டுகளை இழுத்துவிட்டால் கிரவுனும் பினியனும் இருக்கிற டிஃபரன்ஷியலை முழுதாக முன்பக்கமாகக் கழற்றி மேஜைமேல் வைத்து வேலை பார்க்கலாம். கிரவுன் பல்லில் மஞ்சள் பேஸ்ட் தடவிச் சுற்றிப் பாருங்கள். பினியன் பதிகிற தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும். நுனியிலோ அடியிலோ விழுந்தால் பினியனுக்கு அடியில் வைக்கிற மெல்லிய தகடான சிம்மை மாற்ற வேண்டும். பேக்லாஷை, அதாவது பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள ஆட்டத்தை, டயல் கேஜில் பாருங்கள், 0.13-லிருந்து 0.18 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். கையால் ஆட்டிப் பார்த்துவிட்டு "சரியாக இருக்கு" என்று சொல்கிறவரிடம் கொடுக்காதீர்கள்.

போட்டபிறகு முதல் ஓட்டம் 20 நிமிடம் போதும், நிறுத்திச் சூடு ஆறவிடுங்கள். கொஞ்ச நாளைக்குப் பாரம் ஏற்ற வேண்டாம். 500 மைலில் ஆயிலை இறக்குங்கள், 80டபிள்யூ-90 ஜிஎல்-5 ஊற்றுங்கள். இறக்கிய ஆயிலில் ஒரு காந்தத்தை விட்டுப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் பசையாக ஒட்டினால் கவலை இல்லை. சில்லு சில்லாக வந்தால் வண்டியை எடுக்காமல், செட் செய்தவரைக் கூப்பிடுங்கள்.