தலைப்பில் தொலைந்த ஒரு சின்ன ஓ

நேயர்களுக்கு வணக்கம்.

தமிழ் எழுத்தில் பெரியது, சிறியது என்ற பேதமே கிடையாது. வரியின் தொடக்கத்தில் வந்தாலும் நடுவில் வந்தாலும் 'அ' அதே 'அ'தான். தலைப்பைத் தூக்கிக் காட்ட எழுத்தைக் கொஞ்சம் தடிப்பாக்குவோம், அளவைக் கூட்டுவோம். ஆனால் ஆங்கிலத்தில் ஆய்வேடோ அறிக்கையோ தட்டும்போது மட்டும் தலைப்பு என்றாலே கேப்ஸ் லாக்கை அழுத்தக் கை போய்விடுகிறது. அந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

பள்ளியில் படித்த வேதியியலை ஒரு நிமிடம் நினைவுக்குக் கொண்டுவாருங்கள். கோபால்ட் என்ற உலோகத்தின் குறியீடு பெரிய சி, சிறிய ஓ. ஒருவர் கோபால்ட் வினையூக்கியைப் பற்றி ஓர் அத்தியாயம் எழுதி, தலைப்பு முழுவதையும் கேப்பிடலில் அடிக்கிறார். இப்போது அங்கே நிற்பது பெரிய சி, பெரிய ஓ. அது கோபால்ட் அல்ல, கார்பன் மோனாக்சைடு. மூடிய அறையில் ஜெனரேட்டர் ஓடினால் ஆளைக் கொல்லும் வாயு அது! உள்ளே அறுபது பக்கமும் உலோகத்தைப் பற்றியது, தலைப்பு வாயுவைப் பற்றியது. ஹாஃப்னியமும் அப்படித்தான். பெரிய எச், சிறிய எஃப் என்றால் உலோகம். இரண்டும் பெரிதானால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு, கண்ணாடியையே அரிப்பது.

அலகுகளில் இது இன்னும் மோசம். சிறிய எம், பெரிய டபிள்யூ என்றால் மில்லிவாட். கையில் பிடிக்கும் லேசர் சுட்டியின் ஒளி சில மில்லிவாட்தான். அந்த எம் பெரிதானால் மெகாவாட், மின் நிலையக் கணக்கு. இரண்டுக்கும் நடுவே 100 கோடி மடங்கு. ஒரே எழுத்து, உருவம் மட்டும் மாறியிருக்கிறது. அமில-காரத் தன்மையைச் சொல்லும் பிஹெச் குறியீட்டில் பி எப்போதும் சிறியது. உயிரினங்களின் அறிவியல் பெயரில் இரண்டாம் சொல் எப்போதும் சிறிய எழுத்தில்தான் தொடங்கும். கேப்ஸ் லாக்குக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

ஆகவே ஒரு வழக்கம் வையுங்கள். தட்டும்போது சரியாகத் தட்டுங்கள். பெரிதாகக் காட்டும் வேலையை, எழுத்தின் தோற்றத்தைக் கவனிக்கும் ஸ்டைல் வசதியிடம் விடுங்கள்.

வேர்டில் இதற்கு இரண்டு வழி இருக்கிறது, இரண்டும் ஒன்றல்ல. ஷிஃப்டோடு எஃப் 3 அழுத்தினால் எழுத்தே மாறிவிடும். மறுபடி அழுத்திச் சிறிதாக்கினால் எல்லாமே சிறிதாகும். எது முதலில் பெரிதாக இருந்தது என்ற நினைவு அதற்கு இல்லை. இன்னொன்று, ஃபான்ட் பெட்டியில் இருக்கும் 'ஆல் கேப்ஸ்'. அது தோற்றத்தை மட்டும் மாற்றும், அடியில் நீங்கள் தட்டியது தட்டியபடி இருக்கும். ஸ்டைல் பட்டியலில் 'ஹெடிங் 1' மேல் வலது சொடுக்கு, மாடிஃபை, ஃபார்மட், ஃபான்ட், 'ஆல் கேப்ஸ்' கட்டத்தில் டிக், ஓகே. கோபால்ட் போன்ற குறியீடு வரும் இடத்தில் அந்த இரண்டு எழுத்தை மட்டும் தேர்ந்து டிக்கை எடுத்துவிடுங்கள். பொருளடக்கத்துக்குத் தனி ஸ்டைல் உண்டு. தலைப்பு ஸ்டைலில் வைத்த கேப்பிடல் அங்கே வராது, வேண்டுமானால் அதிலும் தனியாக டிக் செய்ய வேண்டும். என்னைக் கேட்டால் கேப்பிடலே வேண்டாம். தமிழ்த் தலைப்புக்குச் செய்வதுபோல் தடிப்பும் அளவும் போதும்.

இதில் தமிழ் தட்டுபவர்களுக்கும் ஒரு கண்ணி இருக்கிறது. யூனிகோட் தமிழில் ஷிஃப்ட்-எஃப் 3 எதுவும் செய்யாது. ஆனால் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள்தான். அதில் சிறிய எம் 'அ', பெரிய எம் 'ஆ'. சிறிய கே 'ம', பெரிய கே 'மு'. 'அம்மா' என்ற தலைப்பைப் பெரிதாக்கினால் 'ஆமு' என்று தொடங்கி எங்கோ போய் நிற்கும். வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானாகப் பெரிதாக்கும் ஆட்டோகரெக்ட் விழித்திருந்தால் 'அவன்' 'ஆவன்' ஆகிவிடும். பாமினியில் வேலை செய்வதாக இருந்தால் முதலில் அதை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

கட்டளைகள் எழுதி ஆவணத்தை அச்சுக்கோக்கும் மென்பொருளான லேடெக்ஸைப் பயன்படுத்துபவர்களுக்கு வருகிறேன். அதில் புத்தகத்துக்கான வடிவமைப்பான 'புக்' வகுப்பில் பக்கத் தலையில் ஓடும் அத்தியாயப் பெயரை அது தானாகவே கேப்பிடல் ஆக்கும். உள்ளே சரியாக இருக்கும் கோபால்ட் பக்கத்துக்குப் பக்கம் மேலே வாயுவாகிவிடும். புதிய பதிப்புகளில் கணிதக் குறிகளுக்குள் இருப்பதை அது தொடாது, வெறும் எழுத்தாகத் தட்டியதைத்தான் மாற்றும். அதைக் காப்பாற்ற 'நோ கேஸ் சேஞ்ச்' என்ற கட்டளை இருக்கிறது. பின்சாய்வுக்கோடு போட்டு, மூன்று சொல்லையும் ஒட்டி, ஒவ்வொன்றின் முதலெழுத்தையும் பெரிதாக எழுதி, குறியீட்டை நெளிவு அடைப்புக்குள் வையுங்கள். 2022-க்குப் பிந்தைய பதிப்பு என்றால் அவ்வளவே. பழையது என்றால் 'டெக்ஸ்ட்கேஸ்' தொகுப்பை 'ஓவர்லோட்' என்ற விருப்பத்தோடு சேர்க்க வேண்டும்.

பிற மொழிப் பெயர் தலைப்பில் வந்தாலும் கவனம் வேண்டும். துருக்கியில் புள்ளி வைத்த ஐ, புள்ளியில்லாத ஐ என இரண்டு தனி எழுத்துகள். புள்ளி வைத்தது பெரிதானாலும் புள்ளியோடுதான் இருக்க வேண்டும். மொழி துருக்கி என்று மென்பொருளிடம் சொல்லாவிட்டால் அது புள்ளியைத் தின்றுவிடும். ஜெர்மனில் இரட்டை எஸ்ஸுக்கான தனி எழுத்தின் பெரிய வடிவம் 2017-இல்தான் அதிகாரபூர்வ எழுத்துமுறையில் சேர்ந்தது. பெரும்பாலான மென்பொருள் இன்னும் அதை இரண்டு எஸ்ஸாகவே விரிக்கிறது.

நேரம் நெருங்கிவிட்டது, மேற்கோள் பட்டியலை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். லேடெக்ஸுக்கு மேற்கோள் பட்டியல் தயாரித்துத் தரும் பிப்டெக்ஸின் வழக்கமான பாணிகள் கட்டுரைத் தலைப்பில் முதலெழுத்தை விட்டு மற்றதையெல்லாம் சிறிதாக்கும். டி.என்.ஏ. சிறிய எழுத்தில் அச்சாவது அதனால்தான். அந்தச் சொல்லுக்கு மட்டும் நெளிவு அடைப்பு போடுங்கள். முழுத் தலைப்புக்கும் போடாதீர்கள், போட்டால் இதழின் பாணி அதில் வேலை செய்யாது. கேப்பிடலில்தான் தலைப்பு வேண்டும் என்றால் எழுத்துகளுக்கு நடுவே அளவில் 5 முதல் 10 விழுக்காடு இடம் விடுங்கள். 14 பாயின்ட் எழுத்துக்கு சுமார் 1 பாயின்ட். அதே இடைவெளியைத் தமிழுக்குக் கொடுத்துவிடாதீர்கள், சில மென்பொருளில் கொம்பும் காலும் எழுத்தை விட்டுத் தள்ளிப்போய்விடும். வணக்கம்.